பதினாறு பெட்டிகளும் ஒரு மலைச்சரிவும்: ஏர்ன்ஸ்ற் ஹெக்கலின் இலங்கைப் பயண ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

ஓவியன் ஒருவன் தன் ஓவியத்தை எப்பொழுது தொடங்குகின்றான்? தூரிகை தாளைத் தொடும் கணத்திலே என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. வீட்டின் முற்றத்தையோ ஊர்க் குளத்தையோ தீட்டுபவனுக்கு அவ்விடை பொருந்தலாம். மனிதரின் காலடி படாதது எனத் தான் கருதும் நிலத்தை நாடித் தொலைதூரம் செல்பவனுக்கு அது போதாது. அவனது ஓவியம் பயணப் பெட்டி கட்டப்படும்பொழுதே தொடங்கிவிடுகின்றது. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற தேர்வு, போகுமிடத்தில் எதைக் காண்பது என்ற தேர்வாகவும் அமைந்துவிடுகின்றது. இவ்வுண்மையை வடமுனைப் பனிவெளிக்குச் சென்ற ஓவியர்களிடமும் காணலாம். சபரகமுவ மலைச்சரிவில் இறங்கி வந்த ஒருவரிடமும் காணலாம். பின்னவரே இக்கட்டுரையின் பொருளாயினும், முன்னவரைச் சற்று நோக்கிய பின் அவரிடம் வருவது பயனுடையதாகும்.

1859ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் பிரெடரிக் சேர்ச் பனிமலைகளை நேரிற் கண்டு வரைவதற்காக நியூபவுண்ட்லாந்து, லப்ரடோர் கடற்பகுதிகளுக்குச் சென்றார். உடன் சென்ற மதகுரு லூயி நோபிள் அப்பயணத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அக்குறிப்போவியங்களிலிருந்து பிறந்த பெரிய ஓவியம் 1861இல் நியூயோர்க்கில் ‘வடதிசை’ என்ற பெயருடன் காட்சிக்கு வைக்கப்பட்டது. பனி, கடல், ஒளி. வேறெதுவும் அதில் இல்லை. 1863இல் இலண்டனிற் காட்டப்படுமுன் சேர்ச் அதன் முன்தளத்தில் முறிந்த பாய்மரம் ஒன்றைச் சேர்த்தார். ஓவியத்தின் பரப்பை நோக்க அது மிகச் சிறியது. எனினும் ஓவியத்தின் பொருளையே அது மாற்றிவிட்டது. மனிதன் அந்நிலத்துள் நுழைய அனுமதி கிடைத்தது, ஆனால் சிதைவாக மட்டும். அவ்வடபுலத்தில் காலங்காலமாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அவ்வோவியத்தில் இடமில்லை. முறிந்த மரம் ஐரோப்பியக் கப்பலுடையது. அதன் துயரமும் ஐரோப்பியருடையதே.

இதற்கு மாறாக, றொக்வெல் கென்ற் என்னும் அமெரிக்கர் 1931இல் கிறீன்லாந்தின் மீனவர் குடியிருப்பொன்றிற் குடியேறி, ஓராண்டுக்கும் மேலாக அம்மக்களிடையே வாழ்ந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே திரைச்சீலையைப் பொருத்தி அதையே சட்டகமாக்கிக்கொண்டு பனிவெளியில் ஓவியந் தீட்டினார். அவருடைய படங்களில் நாயும் வண்டியும் மனிதரும் வருகின்றனர். காரணம் எளிது. அவர் ஏறிச் சென்ற வண்டியே அவருடைய தூரிகைக்கு ஆதாரமாயிருந்தது. அதனை மறைத்துப் படம் வரைதல் அவருக்கு இயலாததாயிற்று. கென்றிடமும் குறைகள் உண்டு. ஆயினும் தன்னைச் சுமந்தது எது என்பதை அவர் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைஞனுக்குப் பனிவெளியும் அயனமண்டலக் காடும் ஒரே வேட்கையின் இரு முனைகளாயிருந்தன. இலங்கை அதன் இரண்டாவது முனையிற் சிறப்பிடம் பெற்றது. சாமுவேல் டானியல் இங்கு வந்து காட்டதிகாரியாகப் பணிபுரிந்து, 1808இல் இலங்கையின் காட்சிகளையும் விலங்குகளையும் படநூலாக வெளியிட்டு, 1811இல் இத்தீவிலேயே இறந்தார். ஒஸ்திரியரான றன்சொனே பிரபு 1864–65 காலப்பகுதியில் காலித் துறையருகே நீர்மூழ்குக் கூண்டொன்றினுள் அமர்ந்து கடலடிப் பவளப்பாறைகளைப் பார்த்து வரைந்தார். ஓவியனின் பயண ஆயத்தம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அக்கூண்டைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. மரியான் நோர்த் 1870களின் பிற்பகுதியில் இங்கு வந்து தாவரங்களைத் தீட்டிச் சென்றார். இவ்வரிசையில் வந்தவரே ஜேர்மனியின் ஜெனாப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் (1834–1919).

ஹெக்கல் டார்வினின் கொள்கையை ஜேர்மானிய உலகிற் பரப்பியவர் என்ற வகையிலேயே பெரிதும் அறியப்பட்டவர். ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ என்னும் அவரது படத்தொகுதி (1899–1904) ஐரோப்பிய அலங்காரக் கலையிற் செலுத்திய செல்வாக்கும் அறியப்பட்டதே. இவ்விரு புகழுக்குமிடையில் அவரது இலங்கைப் பயணம் மறைந்துபோவதுண்டு. 1881 ஒக்டோபரில் திரியெஸ்ற் துறைமுகத்திலிருந்து ‘ஹேலியோஸ்’ கப்பலிற் புறப்பட்டு, நவம்பர் 21இல் கொழும்பை அடைந்த அவர், 1882 மார்ச் வரை இத்தீவில் தங்கினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1883இல் வெளிவந்தது. இப்பயணத்திலும் பின்னர் யாவா, சுமாத்திராப் பகுதிகளுக்குச் சென்றபொழுதும் வரைந்த நீர்வண்ண ஓவியங்களுட் பலவற்றை 1905இல் ‘பயணச் சித்திரங்கள்’ என்னும் தொகுதியாக வெளியிட்டார்.

நூலின் தொடக்கத்திலேயே அவர் தம் பெட்டிகளை எண்ணிக் காட்டுகின்றார். மொத்தம் பதினாறு. நூல்கள், நுணுக்குக்காட்டி, உயிரினங்களைப் பிடிக்கும் வலைகள், அவற்றை இட்டுவைக்கும் கண்ணாடிச் சாடிகள், மதுசாரம், துப்பாக்கி, தோட்டாக்கள், புகைப்படக் கருவி, எண்ணெய்வண்ணமும் நீர்வண்ணமும் அடங்கிய ஓவியப் பெட்டி. இப்பட்டியலை அவர் பெருமிதத்துடனேயே தருகின்றார், அப்பெருமிதம் நியாயமானதே. அக்காலத்தில் ஒரு தனி மனிதர் இவ்வளவு முன்யோசனையுடன் ஆயத்தஞ் செய்தமை வியப்புக்குரியது. ஆயினும் திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. ஓவியப் பெட்டியும் மதுசாரச் சாடியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டும் பிடித்து, அடைத்து, ஜெனாவுக்குக் கொண்டுசெல்லும் கருவிகளே. சாடிக்குள் அடங்குவது மாதிரி உயிர். தாளுக்குள் அடங்குவது மாதிரிக் காட்சி. சாடிக்குள் அடங்காத ஒன்று தாளிலும் எளிதில் இடம்பெறப் போவதில்லை.

பெட்டிகளில் அடைக்கப்படாத ஒரு பொருளும் அவருடன் வந்தது. அது பெயர். வெலிகமையில் ஏறத்தாழ ஆறு வாரம் ஆய்வுக்கூடம் அமைத்துத் தங்கிய அவர், அவ்வூர்ப் பெயரின் ஆங்கில வடிவத்தை இத்தாலியச் சொற்களாகப் பிரித்து ‘அழகிய மணி’ என மகிழ்கின்றார். தங்குமடக் காப்பாளரின் முகம் கிரேக்க ஞானியின் சிலையை ஒத்திருந்தமையால் அவருக்குச் ‘சோக்கிரதர்’ என்று பெயர். பணிவிடைக்கு வந்த றொடியாச் சாதிச் சிறுவனின் பெயரொலி கிரேக்கப் புராணத்துக் கனிமீடை நினைவூட்ட, அச்சிறுவன் நூல் முழுவதும் கனிமீடாகவே நடமாடுகின்றான். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த அப்பிள்ளையிடம் ஹெக்கல் காட்டிய பரிவு உண்மையானது. நூலின் உணர்ச்சிமிக்க பக்கங்கள் அவனைப் பற்றியவையே. எனினும் அப்பரிவு அவனை அவனுடைய பெயரால் அழைக்கும் அளவுக்குச் செல்லவில்லை. பெயரிடுதல் ஐரோப்பியப் பயணியின் பழைய வழக்கம். சிங்கள மக்கள் ‘மகா எலிய’ என வழங்கிய மேட்டுநிலம் ஆங்கிலத் தேசாதிபதி ஒருவரின் பெயரால் ஹோட்டன் சமவெளியானதும் அவ்வகையிலேதான். (தோட்டத் தொழிலாளர் ஆங்கிலத் துரைமார் இட்ட தோட்டப் பெயர்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுத் தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை வழங்கிவந்தமை, இவ்வழக்கத்துக்கு அம்மக்கள் அளித்த மறுமொழியாகக் கருதத்தக்கது. அப்பெயர்கள் நிலப்படங்களில் ஏறவில்லை.)

1882 பெப்ரவரியில் அவர் மலைநாட்டை நோக்கிச் சென்றார். நுவரெலியாவிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி ட்ரைமனுடன் ஹோட்டன் சமவெளியைக் கடந்து ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பை அடைந்தார். அங்கு நிலம் 800 மீற்றருக்கும் மேலாகத் திடீரெனக் கீழிறங்குகின்றது. அதன் அடிவாரம் சபரகமுவ. விளிம்பிலிருந்து ‘நொன்பரெய்ல்’ தோட்டத்தினூடாகப் பெலிஹுல் ஓயாவுக்கு இறங்கி, இரத்தினபுரியை அடைந்து, அங்கிருந்து களுகங்கை வழியே படகிற் களுத்துறைக்குச் சென்றார். இன்று சபரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது அவர் இறங்கிய அச்சரிவின் அடியிலேதான். அக்காலத்தில் அவ்வழி சாதாரண உல்லாசப் பயணியின் வழியன்று. வனத்தின் உட்பகுதியைக் காணும் ஆவலுடன், களைப்பையும் அட்டைக்கடியையும் பொருட்படுத்தாது, ஏறத்தாழ ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர் அவ்வழியில் நடந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, அச்சரிவில் 1882இல் இருந்தது யாது என்பதை நோக்குவோம். கோப்பித் தோட்டம் இருந்தது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களைத் தின்று முடித்துக்கொண்டிருந்த காலம் அது. கடன்பட்ட துரைமார், சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறத் தொடங்கிய நிலங்கள், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் காட்டுவழியாக நடந்து வந்து லயன்களில் அடைபட்ட தொழிலாளர். இவையெல்லாம் அன்றைய மலைநாட்டின் உண்மைகள். சிங்கள மரவெட்டிகள் சரிவின் கீழ்மரங்களை அரைவாசி வெட்டிவிட்டு உச்சிமரங்களை வீழ்த்த, அவை ஒன்றன்மேலொன்று சாய்ந்து முழுச்சரிவும் ஒரே பேரொலியுடன் விழும். அதன்பின் தீ. எரிந்த நிலத்திற் குழிவெட்டிக் கன்று நட்டோர் தமிழர். ‘கன்னி வனம்’ எனப்பட்டதற்குள் ஒற்றையடிப் பாதை வந்ததும் தங்குமடம் வந்ததும் இவ்வுழைப்பினாலேயே. சுமைதூக்கி மலையேறுதலும் பெரும்பாலும் அவர்கள் தொழிலாகவே இருந்தது. ஓவியரின் தூரிகைப் பெட்டி தானாக மலையேறவில்லை.

ஹெக்கல் இவற்றை அறியாதவரல்லர். இதுவே அவரைப் பற்றிய திறனாய்வைச் சிக்கலாக்குவதும் பயனுடையதாக்குவதும். அவரது உரைநடை கோப்பித் தோட்டங்களைக் காண்கின்றது. காடு அழிந்து அவை பரவியதை வருத்தத்துடன் குறிப்பிடுகின்றது. நோயினால் தோட்டக்காரர் அடைந்த நட்டத்தையும் பேசுகின்றது. தமிழரும் அதில் வருகின்றனர். ஆனால் எவ்வாறு? நிறம், உடலமைப்பு, உழைக்கும் வலு ஆகியவற்றால் அளக்கப்பட்ட இனமாக வருகின்றனர். விலங்கியலாளரின் அளவுகோலே அங்கும் செயற்படுகின்றது. மனித இனங்களை உயர்ந்தவை, தாழ்ந்தவை எனப் படிவரிசைப்படுத்திய அவரது கொள்கை பிற்காலத்திற் கடுமையாக மறுக்கப்பட்டது. இப்பக்கங்களில் அதன் நிழல் தெளிவாகத் தெரிகின்றது. உரைநடையில் அளவைப் பொருளாக வந்த மனிதர், நீர்வண்ணத்துக்கு வரும்பொழுது பெரும்பாலும் இல்லாமற் போகின்றனர். வருமிடத்தும் மரத்தின் உயரத்தைக் காட்டும் சிறு உருவாகவே வருகின்றனர். கொடி, பெருவேர், பாறை, நீர், மேகம் ஆகியவையே அவருடைய ஓவிய உலகு. உரைநடையாளர் கண்டதை ஓவியர் காண மறுத்தார் எனலாம்.

‘இயற்கையைத் தீட்டச் சென்றவரிடம் தொழிலாளியைத் தேடுவது முறையா?’ என்று வினவலாம். மாம்பழத்தைத் தீட்டியவனிடம் தோட்டக்காரன் எங்கே என்று கேட்பது போன்றதன்றோ இது? வினா நியாயமானதே. ஆனால் ஹெக்கல் தம் ஓவியங்களைக் கற்பனையழகாக முன்வைக்கவில்லை. இயற்கையின் உண்மைச் சான்றாகவே முன்வைத்தார். சான்று என்று வந்தபின், அதில் விடுபட்டது எது என்று கேட்கும் உரிமை எவர்க்கும் உண்டு. மேலும், இயற்கை என்பதிலிருந்து மனிதரை நீக்கிப் பார்ப்பது உலகப் பொதுவான பார்வையுமன்று. தமிழ் மரபு நிலத்தை வகுத்த முறையை இங்கு நினைவுகூரலாம். தொல்காப்பியரும் அவர் வழிவந்த உரையாசிரியரும் கூறும் கருப்பொருள்களில் மரமும் விலங்கும் புள்ளும் மட்டுமன்றி உணவும் பறையும் தொழிலும் அடங்கும். அந்நிலத்து மாந்தரும் அவ்வரிசையிலே வைத்து எண்ணப்படுவர். தொழிலில்லாத குறிஞ்சி அம்மரபிற் குறிஞ்சியன்று. அவ்வளவுகோலால் நோக்குமிடத்து, ஹெக்கலின் மலை பாதியே எழுதப்பட்ட திணை. திணைக் கோட்பாட்டை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்ளும் அண்மைக்கால வழக்கம் விரும்பத்தக்கதன்று. லயனும் கங்காணியும் பெயர்பதிவேடும் உள்ள நிலத்துக்கு ஐந்திணையுள் எதுவும் நேராகப் பொருந்தாது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரியும்பொழுது பாலையாகும் என்ற கருத்து மட்டும் சற்று அருகே வருகின்றது. காடு திரிந்து தோட்டமான நிலத்துக்கு எப்பெயர் இடுவது என்பது இன்னும் தீராத வினா.

ஹெக்கலின் ஓவியத் திறனை இக்குறைகள் அழித்துவிடா. ஈரக் காற்றில் நீர்வண்ணம் தீட்டுதல் எளிதன்று. பனிவெளி ஓவியனுக்கு வண்ணம் குளிரில் இறுகிப்போவது இடர் என்றால், ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் கூடுதலாக மழைபெறும் இரத்தினபுரிப் பக்கத்தில் வண்ணம் உலராமலிருப்பதே இடர். எதுவும் உலராமை, எங்கும் பூஞ்சணம், இரும்பெல்லாம் துரு என்று அவரே முறையிடுகின்றார். ஜெனாவிற் சிந்தித்துக் கட்டிய பெட்டிகளுக்குள் இத்தீவின் காற்று புகுந்து தன் கருத்தைக் கூறியது என்று கொள்வது சுவையானது. அவ்வாறிருந்தும் காட்டின் அடர்த்தியை, இலைமேல் இலையாக ஒளி மங்கிச் செல்லும் முறையை, அவர் பொறுமையுடன் பதிவுசெய்தார். தாவரங்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்திக் காட்டும் அந்தக் கவனம் பல தொழில்முறை ஓவியரிடமும் இல்லாதது. அக்கவனத்தின் சிறு பகுதியேனும் சுமைதூக்கி வந்த ஒருவரின் முகத்துக்குக் கிடைத்திருக்குமாயின், அத்தாள் இன்று மலையக வரலாற்றின் மிக அரிய ஆவணங்களுள் ஒன்றாயிருக்கும்.

இக்குறை கருவியினால் வந்ததென்று கூறவும் இயலாது. ஹெக்கல் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, கோப்பித் தோட்ட உடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த யூலியா மார்கரெட் கமரன் தம் புகைப்படக் கருவியை இலங்கை மக்களை நோக்கித் திருப்பியிருந்தார். களுத்துறையிலும் தோட்டங்களிலும் அவர் எடுத்த படங்களில் உழைப்பாளரின் முகங்கள் நிறைந்து நிற்கின்றன. தமிழர் முகங்களும் அவற்றுள் உண்டு. அங்கும் ஒன்று குறைகின்றது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர்க்கும் அறிஞர்க்கும் பெயருண்டு. இங்கு ‘களுத்துறைக் குடியானவர்’ என்பது போன்ற பொதுத்தலைப்பே உண்டு. முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. கனிமீடுக்கோ பெயர் கிடைத்தது, அது அவனுடையதாயில்லை. களுகங்கையின் தலைப்பகுதியும் கழிமுகமும் ஆறு ஆண்டு இடைவெளிக்குள் இவ்விரு கலைஞரையும் கண்டன. இருவர் குறையையும் கூட்டிப் பார்த்தாலன்றி அக்காலத்து மக்களின் நிலை விளங்காது.

செங்குத்தான மலை ஓவியக் கண்ணுக்கு இன்பம் தருவது. அழகுணர்ச்சி பற்றிய ஐரோப்பிய நூல்கள் அச்சமும் வியப்பும் கலந்த அவ்வுணர்வை உயர்ந்ததெனப் போற்றின. அச்சரிவிற் குடியிருப்பவர்க்கு அச்சம் வேறுவகையது. 2016 மே மாதத்துப் பெருமழையிற் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டன. அதே நாட்களிற் புளத்கொஹுப்பிட்டியப் பகுதியிலுள்ள களுப்பஹனத் தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. மலையின் சாய்வு ஓவியத்தில் ஒரு கோடு. லயனில் அது மழைக்கால இரவுகளின் உறக்கமின்மை. இவ்விரண்டாவது சாய்வை வரைவதற்கு உரியவர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஹட்டன் பகுதியிற் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இன்றைய ஓவியர் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பையையுமே ஊடகமாக எடுத்துத் தோட்ட வாழ்வைச் சித்திரிக்கத் தொடங்கியுள்ளனர். சபரகமுவத் தோட்டங்களின் நிலை சற்று வேறு. அங்கு மலைத்தேயிலையைவிடத் தாழ்நிலத் தேயிலையும் றப்பரும் மிகுதி. தமிழர் குடியிருப்புகள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியாவைப் பற்றி எழுதவும் வரையவும் முன்வந்தோருள் இப்பக்கம் திரும்பியோர் மிகச் சிலரே. பால்வெட்டுக்கு விடியுமுன் புறப்படும் தொழிலாளியின் கைவிளக்கு வெளிச்சத்தை எந்த வண்ணத்திலே தீட்டுவது என்பது இன்னும் எவரும் முயன்று பார்க்காத பயிற்சி.

உலக முடிவின் விளிம்பில் நின்று கீழே நோக்குபவருக்கு முதலிற் படுவது பாறை, பின்னர் காடு, அதற்கப்பால் மூடுபனி. வெகு ஆழத்தில், பனி விலகும் சில நிமிடங்களில், தோட்டத்துக் கூரைகள் புள்ளிகளாகத் தெரியும். ஹெக்கல் அவ்வொழுங்கிலேயே கண்டார். பெலிஹுல் ஓயாவிலிருந்து மேலே நோக்குபவருக்கு அவ்வொழுங்கு தலைகீழானது: முதலில் லயன் கூரை, அதன்மேல் தேயிலை, அதன்மேல் காடு, எல்லாவற்றுக்கும் பின்னால் பாறை.